பார்வை தெளிவாக இருக்கும்போதே கண் பரிசோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 52. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பார்வையில் குறை எதுவும் இல்லை. கண்ணாடிக் கடையிலும் பவர் மாறவில்லை என்றார்கள். ஆனாலும், கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் மருத்துவர். லேசர் செய்துகொண்ட என் நாத்தனாருக்கோ பார்வை கூடவே இல்லை. நான் அவசியம் போக வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசியம் போக வேண்டும், இந்த மாதமே போய்விடுங்கள். உங்களுக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் தெரியவந்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனையும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் நடந்திருக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பார்ப்பது எழுத்து தெரிகிறதா என்பதை மட்டுமே. சர்க்கரை கெடுப்பதோ விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை. அவை புடைத்து, கசிந்து, ஆங்காங்கே அடைத்துக்கொண்ட பிறகும், கூர்ந்து பார்க்க உதவும் நடுப்பகுதியான மேக்குலா தப்பியிருக்கும்வரை, நாளிதழின் பொடி எழுத்தைக்கூட வாசித்துவிட முடியும். அடைப்பு மிகுந்தால் புதிய குழாய்கள் முளைக்கும். மிக மெலிந்த அவற்றில் ஒன்று உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவி, ஒட்டடை தொங்குவதுபோல் கரும் இழைகள் மிதக்கும். பலர் அப்போதுதான் மருத்துவமனைக்கு ஓடி வருகிறார்கள் என்பது மிகுந்த வருத்தம் தருகிறது.

லேசர், போன பார்வையை மீட்பதற்காக அல்ல, எஞ்சியிருப்பதைக் காப்பதற்காகவே பெரும்பாலும் செய்யப்படுகிறது. ஆகவே பார்வை கூடவில்லை என்பதால் அது வீண்போனதாக உங்கள் நாத்தனார் நினைக்க வேண்டாம். மேக்குலாவில் நீர் கோத்திருந்தால், கண்ணுக்குள் செலுத்தும் ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் போன்ற ஊசி மருந்துகளால் பலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது. ஆனால் ஓர் ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதந்தோறும் போட வேண்டியிருக்கும். ரத்தம் கரையாமல் தங்கிவிட்டாலோ, தழும்பு விழித்திரையை இழுத்தாலோ விட்ரெக்டமி எனும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் கவனியுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை பாதிப்பு முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. உங்களுக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்குப் பிறகு சில மணி நேரம் வெயிலில் கண் கூசும், கையில் இருக்கும் பஸ் டிக்கெட்டின் எழுத்துகூட மங்கும். அதனால் வண்டி ஓட்டிச் செல்லாமல், வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாருக்கு அடுத்த பரிசோதனை நாள் தவறியிருந்தால், அவரையும் அன்றைக்கே கூட்டிச் செல்லுங்கள்.