முட்டி போச்சு, கையில 11 லட்சம், டர்ஃப் போடலாமா?

கேள்வி: வயசு 24, வியாசர்பாடி. வெளிமாநில கால்பந்து கிளப் ஒண்ணுல மாசம் 50,000க்கு ஆடிட்டு இருந்தேன், போன வருஷம் சந்தோஷ் டிராபியும் (மாநில அணிகளுக்கான தேசிய போட்டி) ஆடினேன். நாலு மாசம் முன்னாடி முட்டில இருக்கற ஏசிஎல் தசைநார் கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. கான்ட்ராக்ட் இன்னும் முடியல, ஆனா ரெண்டு மாசமா சம்பளம் வரல, போன் போட்டா "ஆடாதவனுக்கு என்ன சம்பளம்"ங்கறாங்க. 11 லட்சம் சேர்த்து வச்சிருக்கேன். ஆபரேஷனுக்கு அம்மா நகைய வச்சு 1.5 லட்சம் கடன். ஃப்ரெண்டு டர்ஃப், அதாவது வாடகைக்கு விடற செயற்கை புல் கிரவுண்டு, போடலாம் வா, 10 லட்சம் போடுங்கறான். போடலாமா?

பதில்: வேணாம் தம்பி. இடம் லீஸுக்கு, புல்லு தேயற சாமான், லைட்டுக்கு கரண்ட் பில்லு, ஐப்பசி கார்த்திகைல மழை பேஞ்சா புக்கிங் காலி. அதுல உங்க பேரும் காசும் தான் உள்ள போகுது, கணக்கு நோட்டு உங்க ஃப்ரெண்டு கையில இருக்கும். என் கிட்ட வந்த ஒரு பையன் இப்படித்தான் போட்டுட்டு கடைசில கேட்ல நின்னு டோக்கன் கிழிச்சிட்டு இருந்தான்.

மொதல்ல நகைய மீட்டுடுங்க. வட்டி கட்டிக்கிட்டே பேங்க்ல காசு வச்சிருக்கறதுல அர்த்தமே இல்ல. மிச்சம் 9.5. வீட்டுக்கு மாசம் 25,000ன்னா ஒன்றரை வருஷத்துக்கு 4.5 லட்சம், அத நாலஞ்சு சின்ன எஃப்டியா போடுங்க, தேவைப்பட்டா ஒண்ண மட்டும் உடைக்கலாம். அப்புறம் பிசியோ. வாரம் மூணு தடவ, ஒரு தடவைக்கு 800ன்னாலும் ஆறு மாசத்துக்கு 60,000 கிட்ட வரும். இதுல மட்டும் கை வைக்காதீங்க, ஏன்னு சொல்றேன்.

ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயசு 18ல இருந்து 25 வரைக்கும் தான், அதுல தளர்வு கிடையாது. சர்டிபிகேட்டும் ரொம்ப பழசாயிட்டா எடுத்துக்க மாட்டாங்க, அதனால உங்க சந்தோஷ் டிராபி பேப்பருக்கும் எக்ஸ்பயரி இருக்குன்னு வச்சுக்கங்க. ட்ரையல்ஸ்ல முட்டி நிக்கணும். அதான் அந்த 60,000. தமிழ்நாடு அரசு வேலைல 3 சதவீத கோட்டா இருக்கு, அதையும் விடாதீங்க. நடுவுல சும்மா இருக்கற நேரத்துல கோச்சிங் டி லைசென்ஸ் முடிச்சு வைங்க.

சம்பள விஷயத்துக்கு வர்றேன். அடிபட்டுச்சுங்கற ஒரே காரணத்துக்காக சம்பளத்த நிறுத்த முடியாது. போன் பேச்சு எதுக்கும் ஆகாது, ஈமெயில் போடுங்க, எந்தெந்த மாசம் எவ்ளோ பாக்கின்னு எழுதி, 15 நாள் கெடு கொடுங்க. ஃபிஃபா விதிப்படி ரெண்டு மாச சம்பளம் நின்னு, இப்படி நோட்டீஸ் கொடுத்தும் தரலைன்னா நீங்களே கான்ட்ராக்ட முறிச்சுக்கலாம், ஆனா அவசரப்பட்டு முறிச்சுடாதீங்க, மிச்ச மாச சம்பளமும் இருக்குல்ல. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துல இதுக்குன்னே பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டி இருக்கு, வீரர்கள் சங்கமும் இருக்கு, ரெண்டு பேரையும் புடிங்க. கிளப்ப மட்டும் நம்பி உக்காராதீங்க, 2025 ஜூலைல நாட்டோட பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் சீசனையே ஹோல்டுல போட்ட நாடு இது.

எல்லாத்தையும் விட பெருசா நீங்க கேக்காம விட்டது டிடிஎஸ், அதாவது காசு கொடுக்கும்போதே புடிச்சுக்கற வரி. கிளப் உங்களுக்கு கொடுக்கறது பெரும்பாலும் சம்பளக் கணக்குல வராது, ப்ரொஃபஷனல் ஃபீஸா போகும், அதனால பிஎஃப் கிடையாது, பத்து சதவீதம் புடிச்சிருப்பாங்க. வருஷம் 6 லட்சத்துக்கு 60,000. புது வரி முறைல இந்த வருமானத்துக்கு வரியே வராது, அப்போ அது முழுக்க உங்க காசு, ஆனா ரிட்டர்ன் ஃபைல் பண்ணாதான் கைக்கு வரும், கெடு தாண்டிட்டா அலைச்சல்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது முட்டி ஆபரேஷன மறைக்காதீங்க, மறைச்சா க்ளெய்ம் அடிபடும். ஆக்ஸிடென்ட் பாலிசில தொழில்முறை விளையாட்டு கவர் ஆகாதுன்னு நிறைய கம்பெனி போட்டிருப்பாங்க, படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் மார்கோ வான் பாஸ்டன் இத்தாலி கிளப் ஏசி மிலனுக்கு கடைசி மேட்ச் ஆடினப்போ வயசு 28 தான், கணுக்கால் அவர விடல. அவரு வாங்கின சம்பளம் வேற, நம்ம 50,000 வேற, அதான் இதெல்லாம் போக மீதி 4.4 லட்சத்த வேலை கிடைக்கற வரைக்கும் ஷேர் மார்க்கெட் பக்கமே கொண்டு போக வேணாங்கறேன். வருமான வரி சைட்ல 26ஏஎஸ் (உங்க பேர்ல எவ்ளோ வரி புடிச்சிருக்காங்கன்னு காட்டற ஸ்டேட்மென்ட்) டவுன்லோட் பண்ணிட்டு எழுதுங்க, எவ்ளோ ரீஃபண்ட் வரும்னு பாத்து சொல்றேன்.