ஒற்றுமையை விட பழுதே பெரிய சாட்சி: பரிணாமம் பற்றி மும்பைத் தமிழர் கேள்விகள்

செம்பூர் மாணவர்: குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னா, குரங்கு ஏன் சார் இன்னும் இருக்கு?

இன்றைய குரங்கிலிருந்து யாரும் வரவில்லை, தம்பி. சிம்பன்சியும் நாமும் பங்காளிகள். பிரிந்து சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

மாட்டுங்கா ஆசிரியை: கை எலும்பு, வௌவால் சிறகு என்று ஒற்றுமையைக் காட்டினால், "படைத்தவர் ஒருவர் என்றால் அப்படித்தானே இருக்கும்" என்கிறார்கள் பிள்ளைகள்.

நியாயமான கேள்விதான். அவர்களிடம் பழுதைக் காட்டுங்கள், மேடம். ஆடும் நாயும் வைட்டமின் சி-யை உடலிலேயே தயாரிக்கின்றன. அதன் கடைசிப் படியை முடிக்கும் நொதிக்கான மரபணு நம்மிடமும் உண்டு, ஆனால் சிதைந்துபோய் வேலை செய்யாமல் கிடக்கிறது. அந்தச் சிதைவுகளில் சில சிம்பன்சியிலும் ஒராங்குட்டானிலும் அப்படியே இருக்கின்றன; ஒரே மூதாதையிடமிருந்து வந்த பழுது என்பதற்கு அதுவே சாட்சி. கினிப்பன்றியும் இதே மரபணுவை இழந்ததுதான், ஆனால் தனியாக இழந்தது. அதில் தொலைந்த துண்டுகளின் வரிசை வேறு.

அடுத்து, மரபணுக்களைச் சுமக்கும் இழையான குரோமோசோம். பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு 48, நமக்கு 46. நம் 2-ஆம் குரோமோசோமின் நடுவே, நுனியில் மட்டும் இருக்கவேண்டிய 'டிடிஏஜிஜிஜி' என்ற டிஎன்ஏ எழுத்துத் தொடர்கள் எதிரெதிராக முட்டி நிற்கின்றன. செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) மிச்சமும் இருக்கிறது. இரண்டு ஒட்டி ஒன்றான தழும்பு அது.

அதே ஆசிரியை: அப்படி ஒட்டிப் பிறந்த முதல் ஆளுக்கு ஜோடி எப்படிக் கிடைத்திருக்கும்?

இன்றும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர், சற்று வேறு வகையில் இரு குரோமோசோம்கள் ஒட்டி, 45-உடன் நலமாக வாழ்கிறார். கருமுட்டையிலோ விந்தணுவிலோ பங்கீடு தவறினால் கரு கலையலாம். சரியாக அமைந்தால், வழக்கமான எண்ணிக்கை உள்ள ஜோடியுடனும் குழந்தை பிறக்கும். அடிக்கடி கருச்சிதைவு ஆகிறவர்களுக்கு டாக்டர்கள் கேரியோடைப் (குரோமோசோம்களைப் படம் பிடித்து எண்ணும்) பரிசோதனை எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சயான் வாசகர்: பரிணாமம் கண்ணெதிரே நடக்குமா?

காசநோய் சிகிச்சையைப் பாருங்கள். ஐசோனியாசிட் என்ற மருந்தை எதிர்க்கும் கிருமி சுமார் 10 லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தை எதிர்ப்பது 10 கோடியில் ஒன்று. மருந்து தொடுவதற்கு முன்பே இவை இருக்கும். நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் 10 கோடிக்கும் மேல் கிருமிகள் இருக்கலாம். ஒரே மருந்து கொடுத்தால் அதற்கு மசியாதது தப்பிப் பெருகும். இரண்டையும் சேர்த்து எதிர்ப்பது கோடி கோடியில் ஒன்றுதான். அதனால்தான் முதல் 2 மாதம் 4 மருந்து. இருமல் நின்றதும் பாதியில் விட்டாலோ, ஒன்றை மட்டும் விழுங்கினாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும். எதிர்ப்பைப் பெறுவது கிருமிக் கூட்டம். நோயாளியின் உடம்பு "மருந்துக்குப் பழகிவிட்டது" என்பது தவறு.

முலுண்ட் வாசகர்: மலையேறும்போது பாறையில் பெரணி இலை போல ஒன்று பார்த்தேன். புதைபடிவமா?

பெரும்பாலும் இல்லை, அண்ணே. மும்பையின் கரும்பாறை எரிமலைக் குழம்பு உறைந்தது. விரிசலில் மாங்கனீசு படிந்தாலும் பெரணி போலவே கிளைக்கும். ஆனால் இலைக்குரிய நடுநரம்பு, ஓரம் எதுவும் ஒழுங்காக இராது. வெள்ளை முட்டை போலத் தெரிவது, வாயுக் குமிழியில் நிரம்பிய சியோலைட் என்ற கனிமம். இரு குழம்பு அடுக்குகளுக்கு நடுவே படிந்த பழைய ஏரிச் சேற்றில்தான் தேட வேண்டும்; வொர்லியில் தவளைப் படிவங்கள் கிடைத்தது அத்தகைய அடுக்கில். எதையும் பெயர்க்காமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.