வெள்ளைத் திரையும் சீ.ஆர். கொப்பியும்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். யார் எத்தனை லீற்றர் தந்தார்கள் என்று பதிய ஒரு செயலி தந்திருக்கிறார்கள். அலுவலகத்தில் நன்றாக ஓடுகிறது. விடிய சேகரிக்கும் இடத்தில் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. சனம் கானோடு வரிசையில் நிற்கும். “இது ஹைபிரிட், இழுபடத்தான் செய்யும், அன்ட்ரொயிட்டுக்கென்று புதிதாக எழுத வேண்டும்” என்கிறார் செய்து தந்த தம்பி. உண்மையா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: தங்கச்சி, காசை எடுத்து வைக்க முதல் ஒரு சோதனை. போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். செயலியை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறவுங்கள். அப்போதும் வெள்ளையாகவே நின்றால், பிழை ஹைபிரிட்டில் இல்லை.

ஹைபிரிட் செயலிக்கு வெளியே ஒரு மெல்லிய அன்ட்ரொயிட் கோது. உள்ளே வெப்வியூ, அதாவது முகவரி எழுதும் பெட்டி இல்லாத பிரவுசர். அதற்குள் ஓடுவது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். இந்தக் கோப்புகள் செயலியை இறக்கும்போதே போனுக்குள் வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் முதல் திரைக்குச் சிக்னலே தேவையில்லை. சிலர் கோதுக்குள் சேர்வர் முகவரியை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சிக்னல் இல்லாவிட்டால் அப்போது வெள்ளைத் திரைதான். கோப்புகள் சேர்வரில் இருந்தால் திருத்துவது லேசாம். கொழும்பில் இருந்து திருத்துகிறவருக்கு லேசுதான், கவரேஜ் ஒரு கோட்டில் நிற்கும் இடத்தில் பால் அளக்கிற உங்களுக்கு அல்ல.

அளவுமானியைப் படம் பிடித்தும் அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் இதையும் அவரிடம் கேளுங்கள். வெப்வியூவுக்குள் ஓடும் பக்கம், போனின் கமராவைப் பயன்படுத்த பிளகின் என்ற பாலம் வழியாகப் போகும். பாலத்தில் போய்வருவது பெரும்பாலும் எழுத்துத்தான். படத்தை எழுத்தாக மாற்றினால் மூன்று பைட் நான்கு எழுத்தாகும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகிவிடும். விலை குறைந்த போன் அதிலேயே திணறும். படத்தைக் கோப்பாக வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மட்டும் பாலத்தில் அனுப்பினால் போதும்.

பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதுதான் பெரிய விஷயம். இதில் நான் பட்டுத் தெளிந்தவன். ஒரு காலபோக அறுவடைக்கு, பரந்தன் பக்கம் நெல் வாங்கும் ஓர் ஐயாவுக்குச் செயலி செய்து கொடுத்தேன். மூட்டைக் கணக்கை லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது வெப்வியூவின் சின்னச் சேமிப்பில், போட்டேன்; இரண்டு வரியில் வேலை முடிந்தது. அவரிடம் இருந்தது லண்டனில் இருந்து மருமகன் அனுப்பிய பழைய ஐபோன், நிறையக் கல்யாண வீடியோ. இடம் முட்டியதும் ஐஓஎஸ் தானாகவே அந்தச் சேமிப்பைத் துடைத்துவிட்டது. தேவைப்பட்டால் அது துடைக்கும் என்று, ஹைபிரிட் செயலி செய்யும் கருவியான கோர்டோவாவின் ஆவணத்திலேயே இருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. ஐயா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. மடியிலிருந்து சீ.ஆர். கொப்பியை எடுத்தார், எல்லாம் பேனையால் எழுதி வைத்திருந்தார். “உன்ர போனை நம்பி ஆர் தம்பி நெல்லு வாங்குறது?” என்றார்.

அதன் பிறகு எல்லாவற்றையும் எஸ்கியூலைட் என்ற, போனுக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளத்தில்தான் எழுதுகிறேன். முதலில் போனில் எழுதுவது, சிக்னல் வந்ததும் சேர்வருக்கு அனுப்புவது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி இலக்கத்தைப் போனே கொடுக்க வேண்டும். சேர்வரும் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் அறுந்து மறுபடி போகும்போது ஒரே அம்மாவின் ஐந்து லீற்றர் பத்தாகிவிடும். அம்மாவுக்குச் சந்தோஷம், கணக்கு எழுதும் உங்களுக்குத்தான் ஏச்சு.

கேள்வி: நான் படிக்கும்போது செய்த செயலி என் போனில் ஓடுகிறது, அப்பாவின் போனில் திறக்கவே இல்லை. ஏன்? (வாசகர், வவுனியா)

பதில்: இருவர் போனிலும் வெப்வியூ ஒன்றல்ல. 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5 முதல் அது பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுகிறது. சில பதிப்புகளில் குரோமே அந்த வேலையைச் செய்யும். டேட்டா மிச்சம் பிடிக்க அப்பா அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பார், என் அப்பாவும் அப்படித்தான். நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் ‘?.’ என்ற குறியை எழுதியிருந்தால், குரோம் 80க்கு முந்தைய வெப்வியூவுக்கு அது புரியாது. புரியாத ஒரு குறிக்காக அந்தக் கோப்பு முழுவதையும் ஓட்டாமல் விட்டுவிடும். பேபல் போன்ற கருவியால் பழைய நடைக்கு மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: ஃபோன்கேப் படிக்கலாமா? (வாசகர், மாங்குளம்)

பதில்: வேண்டாம், அதுவும் ஹைபிரிட் செயலி செய்யும் கருவிதான், ஆனால் அடோபி அதை 2020இல் மூடிவிட்டது. அதை உருவாக்கிய நிட்டோபி நிறுவனத்தை அடோபி 2011இல் வாங்கியபோது மூல நிரல் அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்புக்குப் போனது, அதுதான் கோர்டோவா. வான்கூவரில் நிட்டோபி அலுவலகம் இருந்த தெருவின் பெயர் அது. எங்கள் ஆட்கள் செய்திருந்தால் எங்கள் வீதியின் பெயரில் ஏ-9 என்று வைத்திருப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால், அயோனிக் குழுவின் கெப்பாசிட்டர் என்ற கருவியில் தொடங்குங்கள்.