கல்லீரல் மாற்று ஆபரேஷனும் நெஞ்சுக்குள்ள இருக்கிற பிரஷரும்: கேள்வி பதில்

பத்து வருஷம் கல்லீரல் மாற்று தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவன். இப்போ தர்மபுரியில இருக்கேன். இதயம், நுரையீரல் பத்திக் கேளுங்க. செலவு மட்டும் கேட்காதீங்க, அது என் துறை இல்லை.

பாலக்கோடு: அம்மாவுக்குக் கையில பிரஷர் 110/70 தான். ஆனா நுரையீரல்ல பிரஷர் ஜாஸ்தின்னு ஆபரேஷனைத் தள்ளி வெச்சுட்டாங்க. எப்படிங்க சார்?

கையில பார்க்கிறது இதயத்தோட இடது பக்கக் கணக்கு. வலது பக்கம் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளுது, அது தனி ரூட். கல்லீரல் சுருங்கின சிலருக்கு அந்த ரூட்ல குழாய்கள் தடிச்சு இறுகிடும். அங்கே சராசரி பிரஷர் 20 தாண்டினாலே அதிகம். 35 தாண்டினா யோசிப்போம். 50 தாண்டினா பெரும்பாலும் ஆபரேஷனே கிடையாது.

காரணம் ஒரே ஒரு நிமிஷம். புதுக் கல்லீரலைத் தைச்சு முடிச்சதும் சர்ஜன் "கிளாம்ப் எடுக்கட்டுமா?"ன்னு கேட்பார் (ரத்தக் குழாயை அடைச்சு வெச்சிருக்கிற கவ்வி அது). கால்சியமும் அட்ரினலினும் சிரிஞ்சுல ஏத்தித் தயாரா வெச்சிருப்பேன். கண்ணு மானிட்டரை விட்டு நகராது. ஐஸ்ல கிடந்த கல்லீரல் வழியா, குளிர்ந்து, அமிலமும் பொட்டாசியமும் கூடின ரத்தம் நேரா வலது இதயத்துல இறங்கும். நல்ல இதயத்துக்கே பிரஷர் சடார்னு விழலாம். எதிர்ல நுரையீரலும் இறுகியிருந்தா? தொப்பூர் கணவாய்ல லாரி கவிழ்ந்து கிடக்க, பின்னால வண்டி வந்துக்கிட்டே இருக்கிற கதைதான். வலது இதயம் ஊதித் திணறும், ரத்தம் புதுக் கல்லீரல்லயே தேங்கும். தள்ளி வெச்சது சரிதாம்மா. மாத்திரையால 35-க்குக் கீழே வந்தா மறுபடி பேசுவாங்க.

ஊத்தங்கரை: எக்கோ (இதய ஸ்கேன்) போதாதா? கழுத்து வழியா இதயத்துக்கு டியூப் விடணுமாம்.

எக்கோ சொல்றது உத்தேசக் கணக்கு. டியூப் சொல்றது நேரா எடுத்த அளவு. விடச் சொன்னா விட்டுடுங்க.

அரூர்: அப்பாவுக்கு நுரையீரல் பிரஷருக்கு சில்டெனாஃபில் (வயாக்ராவுல இருக்கிற அதே மருந்து) எழுதினாங்க. மெடிக்கல்ல பையன் சிரிச்சானாம். வெட்கப்பட்டு நாலு நாளா போடலை.

ஐயோ! அதை முதல்ல நெஞ்சுவலிக்குத்தான் சோதிச்சாங்க. வயாக்ராங்கிற பேர் பின்னால வந்தது. நுரையீரல் குழாயை அது தளர்த்தும். திடீர்னு நிறுத்தினா பிரஷர் மறுபடி ஏறும். இன்னிக்கே டாக்டருக்குப் போன் போட்டு, நாலு நாள் விட்டதைச் சொல்லிட்டு ஆரம்பிங்க. நாக்குக்கு அடியில வைக்கிற நெஞ்சுவலி மாத்திரையோட மட்டும் சேரவே கூடாது.

காரிமங்கலம் (மெடிக்கல் கடை): சீட்டைப் பார்க்காம எவனும் சிரிக்கமாட்டான் சார். வியாதி பேர் எழுதினா நாங்களும் புரிஞ்சுப்போம்.

அரூர்: சீட்டு கையில கொடுத்தோம்ங்க.

காரிமங்கலம்: அப்போ அந்தப் பையன் தப்பு. ஆனா டாக்டர் கையெழுத்து?

அதுவும் நியாயம்தான். 'நுரையீரல் பிரஷருக்கு'ன்னு சீட்டுலயே எழுதித் தரச் சொல்லுங்க.

மத்தூர்: கீழாநெல்லி குடிச்சா இந்தப் பிரஷர் இறங்குமா?

இறங்காது.

பென்னாகரம்: அண்ணனுக்கு உட்கார்ந்தா மூச்சு வாங்குது, படுத்தா சரியாகுது. இதுவும் அதேதானா?

இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ். இதுல நுரையீரல் குழாய்கள் விரிஞ்சு, ஆக்சிஜன் ஏறாமலே ரத்தம் ஓடிடும். இதுக்கு மருந்தே கல்லீரல் மாற்றுதான். உட்கார வெச்சும் படுக்க வெச்சும் விரல்ல ஆக்சிஜன் பார்த்து எழுதி எடுத்துட்டுப் போங்க.

ஓசூர்: மாமாவுக்கு மூச்சுத் திணறலே இல்லை. எக்கோ வேணுமா?

மாற்றுக்குப் பேர் எழுதுற எல்லாருக்கும் வேணும்.

பர்கூர்: மொத்தம் எவ்வளவு செலவாகும் சார்?

முதல் பத்தியைப் படிங்க.

அரூர்: போன் பண்ணிட்டோம் சார், அப்பா போட்டுட்டார். ஆபரேஷன் அன்னிக்கு வெறும் வயித்துல இருக்கணுமே, அப்போ நிறுத்தலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க. மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்க, ஒரு மடக்கு தண்ணியோட போடச் சொல்றதுதான் வழக்கம். மாத்திரை அட்டையை அப்பா சட்டைப் பையிலேயே வெச்சிருக்கட்டும்.