துந்த்ராவில் ஏன் மரங்கள் வளர்வதில்லை?

வெப்பம், வெளிச்சம், நீர், காற்று, மண் என உயிரில்லாத, ஆனால் உயிர்களின் வாழ்வைத் தீர்மானிக்கிற விஷயங்களைத்தான் உயிரற்ற காரணிகள் என்கிறோம். வட துருவத்தை ஒட்டிய, மரங்களில்லாத குளிர்ச் சமவெளியான துந்த்ரா இதற்கு மிகத் தெளிவான உதாரணம்.

அங்கே பல இடங்களில் ஆண்டுக்கு மழை, பனி எல்லாம் சேர்த்தே 250 மி.மீ.க்குள்தான், கணக்குப்படி பாலைவனம். ஆனால் கோடையில் எங்கு பார்த்தாலும் சதுப்பு! மேல்மண்ணுக்குக் கீழே ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் இருப்பதே காரணம். அடியில் ஓட்டை போடாத பூந்தொட்டியில் தண்ணீர் தேங்குமே, அப்படித்தான். வேர்களும் ஆழமாக இறங்க முடியாது. ஆர்க்டிக் வில்லோ என்ற குறுஞ்செடி பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் தரையோடு படர்கிறது. தரையை ஒட்டித்தான் காற்றின் வேகம் குறைவு, வெயிலின் சூடும் கொஞ்சம் தங்கும். எவ்வளவு அழகான தகவமைப்பு!

கடுங்குளிர்தான் மரங்களைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 1892-இல் மைனஸ் 67.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் உறைநிலத்தின் மேலேயே லார்ச் காடுகள் இருக்கின்றன. மரத்துக்கு வேண்டியது கோடையின் சூடு: ஜூலை மாதச் சராசரி சுமார் 10 டிகிரியைக்கூடத் தொடாத இடங்களில்தான் காடு நின்றுவிடுகிறது.