மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் கை தடுமாறுவது ஏன்?

உசிலம்பட்டி நண்பருக்கு, தையல் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார், வைரஸும் அடங்கிவிட்டது, ஆனாலும் பட்டன் தைக்கத் தடுமாறுகிறார், அளவை மறக்கிறார் என்றீர்கள். வயசுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். வைரஸ் அடங்கியவர்களுக்கும் எச்ஐவியால் இப்படி வரலாம். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி ஏஆர்டி மையத்தில் சொல்லி, எச்ஐவி மறதிக்கான சிறு பரிசோதனையைக் கேளுங்கள். 5 விநாடி விரல் தட்டுவது, 10 விநாடி முஷ்டி, உள்ளங்கை, பக்கவாட்டு என்று கையை மாற்றுவது, நான்கு வார்த்தைகளை நினைவில் வைப்பது, அவ்வளவுதான். படிப்பே வேண்டாம். மார்க் 12க்கு 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்ப்பார்கள். லேசான பாதிப்பு இதில் தப்பிவிடும். அதனால் மார்க் நன்றாக வந்தாலும் தையலில் வரும் தடுமாற்றத்தை நீங்களே கூடப்போய்ச் சொல்லுங்கள், அண்ணன் மழுப்பிவிடுவார். அப்புறம் வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு தலைவலி, குழப்பம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.