பழைய 407 வண்டிக்கு ஏர் இன்டேக்கை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வியும் பதிலும்

கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகிற வழியைப் பற்றி. பெரும்பாலும் டாடா 407 சின்ன லாரிதான், அதிலும் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற கருவி) இல்லாத 497 டீசல் இன்ஜின் போட்ட பழைய வண்டிகள். நடுவில் ஒரு ஜீப்காரரும் இருக்கிறார். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு கார்களில் போடுகிற கூம்பு ஃபில்டரை மாட்டினால் இழுவை கூடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். 407-க்கு வேலை செய்யுமா அண்ணே?

செய்யாது தம்பி. அந்த வீடியோக்கள் பெட்ரோல் வண்டிக்கு. பெட்ரோலில் காற்று எவ்வளவு போகிறதோ அதற்கேற்ப எரிபொருள் போகும். உன் டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கிற த்ராட்டில் கிடையாது, அது எப்போதும் முழு வாயையும் திறந்துதான் மூச்சு விடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பம்ப்தான் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். பம்ப் கொடுக்கிற அளவு மாறாமல் காற்றை மட்டும் கூட்டினால் ஏற்கெனவே மிச்சமாக இருக்கிற காற்று இன்னும் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

கணக்காகவே பார். 497 இன்ஜின் 2956 சிசி. 2800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 1400 தடவை அந்த அளவு காற்றை இழுக்க வேண்டும், அதாவது 4100 லிட்டர் சொச்சம். முழுசாக நிரம்பாது என்று 85 சதவீதம் போட்டால் 3500 லிட்டர். 75 மிமீ உள்விட்டக் குழாயில் இது நொடிக்கு 13 மீட்டர் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்துக்குக் குழாயே பெரிய தடை இல்லை. 100 மிமீ குழாய் போட்டாலும் உனக்குத் தெரிகிற மாற்றம் சத்தம் மட்டும்தான். லோடில் கரும்புகை வந்தால் மட்டும் காற்றுப் பக்கம் பார், அதுவும் டீசலைத் தெளிக்கிற நாசிலையும் பம்ப் செட்டிங்கையும் பார்த்த பிறகு.

சரி, என் வண்டியில் காற்று தடைபடுகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டறைக்குப் பட்டறை ஒன்று சொல்கிறார்கள்.

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். அளக்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் U மாதிரி வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்கு மஞ்சள் தண்ணீரோ மை கலந்த தண்ணீரோ ஊற்றுங்கள். ஒரு முனையை ஏர் கிளீனருக்கும் மேனிஃபோல்டுக்கும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடுகிற குழாய்) நடுவில் உள்ள குழாயில் சின்ன ஓட்டை போட்டுச் செருகுங்கள். ஓட்டை போடும்போது குழாயைக் கழற்றி வெளியே வைத்துப் போட வேண்டும், இரும்புத் தூள் ஒரு பொட்டு உள்ளே போகக் கூடாது. மறுமுனை திறந்தே இருக்கட்டும். இப்போது வண்டியை நிறுத்திவைத்து, இன்ஜின் ஓடும்போதே ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். டர்போ இல்லாத டீசலில் காற்றின் அளவு ஆர்பிஎம்மைப் பொறுத்தது, அதனால் லோடு ஏற்றாமலே அளவு ஏறத்தாழ சரியாக வரும். டர்போ வண்டிக்கு இது ஒத்துவராது, லோடில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். டர்போ இல்லாததற்குப் பொதுவாக 500 மிமீ, டர்போ உள்ளதற்கு 635 மிமீ, இதுதான் எல்லை. தாண்டினால் ஃபில்டர் மாற்ற வேண்டும். 200, 250 என்று நின்றால் உங்கள் இன்டேக்கில் குறை இல்லை, காசை வேறு எதற்காவது வையுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் தரையை நனைத்துத் தூசி அடங்கிய இடத்தில் ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை மறுபடி அளங்கள். குழாயின் தடை எவ்வளவு, ஃபில்டரின் தடை எவ்வளவு என்று பிரிந்துவிடும். வேலை முடிந்ததும் அந்த ஓட்டையை ஒழுங்காக அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் ஃபில்டர் செய்யாத தூசி நேராக லைனருக்கு, அதாவது பிஸ்டன் ஓடுகிற உருளையின் உள்சுவருக்குப் போகும்.

கரூர் பக்கம் கிரஷர் லோடு அடிக்கிறேன். வண்டியில் பழைய ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கிறது. தாள் ஃபில்டருக்கு மாற்றினால் நல்லதா?

நல்லது. இந்த வரிசையில் வந்த மாற்றங்களிலேயே காசுக்கு மதிப்புள்ளது இது ஒன்றுதான் என்பேன். ஆயில் பாத் கெட்டது இல்லை, ஆனால் காற்று வேகமாகப் போனால்தான் அதில் தூசி எண்ணெயில் மோதும். ஐடிலில் நின்று லோடு ஏற்றும்போது, அதுவும் கிரஷருக்குள்ளேயே, நுண்ணிய தூசி நழுவிவிடும். நல்ல தாள் ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். கல் தூசி என்பது சிலிக்கா, அது லைனரையும் ரிங்கையும் தேய்த்து, ஆயில் குடிக்க வைத்து, கடைசியில் இன்ஜினை இறக்க வைக்கும்.

டிராக்டருக்கு வருகிற மாதிரி இரண்டு எலிமென்ட் உள்ள டப்பா வாங்குங்கள். நிமிடத்துக்கு 5 கன மீட்டருக்குக் குறையாத அளவு பார்த்து வாங்க வேண்டும். கீழே தூசி கொட்டுகிற ரப்பர் வாய் தரையைப் பார்த்து இருக்கட்டும். மேலே சுழல் காற்றில் தூசியைத் தள்ளுகிற கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வைத்தால் உள் ஃபில்டர் நீண்ட நாள் வரும். உள்ளே இருக்கிற சின்ன எலிமென்டைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றிய ஒரு வாரம் கழித்து, ஃபில்டருக்கு அப்புறம் உள்ள குழாயின் உள்சுவரில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் எங்கேயோ கிளாம்ப் பிடிக்கவில்லை.

பிளம்பிங் கடையில் கிடைக்கும் பிவிசி பைப், எல்போ வைத்து வேலையை முடித்துவிடலாமா? செலவு ரொம்பக் கம்மி.

வேண்டாம். பிவிசி 70, 80 டிகிரியில் இளகும். கோடையில் ஏற்றத்தில் லோடோடு நிற்கிற வண்டியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு தாராளமாக வரும். உள்ளே இருந்து இன்ஜின் இழுக்கும்போது இளகிய பைப் நசுங்கும், இல்லையென்றால் அதிர்வில் ஒட்டிய இடம் விடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. இரும்பு அல்லது அலுமினியக் குழாய், வளைவுகளுக்குக் கெட்டியான ரப்பர் ஓஸ், இரண்டு முனையிலும் நல்ல கிளாம்ப். லேத்தில் சொன்னால் குழாய் முனையில் சின்ன வரம்பு எடுத்துத் தருவார்கள், ஓஸ் நழுவாது. திருப்பம் எல்லாம் நீளமான வளைவாக இருக்கட்டும்.

காற்று இழுக்கும் வாயை எங்கே வைப்பது? இப்போது பானெட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வெளியே கொண்டு வாருங்கள். 30 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்றை இழுத்தால் ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் காற்று 9 சதவீதம் குறைகிறது. குழாயை அகலமாக்கிக் கிடைக்காதது இங்கே சும்மா கிடைக்கிறது. கேபினுக்குப் பின்னால், கூரை உயரத்துக்கு ஒரு குழாய், வாய் பின்பக்கம் பார்த்து, மழைக்கு மூடி. பெரிய லாரிகளில் இருப்பது அதேதான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், வண்டி கிளப்புகிற தூசியை வண்டியே தின்னும்.

தாள் ஃபில்டரைப் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்துச் சுத்தம் செய்கிறேன். சரியா?

உள்ளிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் சரி. டயரில் தட்டுவது தப்பு. அப்புறம் இருட்டில் உள்ளே ஒரு லைட்டை விட்டுப் பாருங்கள், ஊசி முனை வெளிச்சம் கண்ணில் பட்டாலும் தூக்கிப் போடுங்கள்.

பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். மேனிஃபோல்ட் வாயிலிருந்து ஒரு சின்ன ரப்பர் பைப் டீசல் பம்புக்குப் போகிறது. இன்டேக் மாற்றும்போது அதை அடைத்துவிடலாமா?

தொடவே தொடாதீர்கள் சார்! அது வேக்குவம் கவர்னர். உங்கள் வண்டியில் மட்டும் வாயில் ஒரு தகடு இருக்கும், அந்த வேக்குவத்தை வைத்துத்தான் பம்ப் டீசலைக் குறைக்கிறது. அந்தப் பைப் விட்டாலோ வெடித்தாலோ பம்ப் முழு டீசலையும் கொடுத்து இன்ஜின் கன்னாபின்னாவென்று ஏறிவிடும். நான் முதல் பதிலில் சொன்னது இந்த வகைக்குப் பொருந்தாது.

ஊட்டி ஏற்றத்தில் மட்டும் கரும்புகை. கீழே நன்றாக ஓடுகிறது.

ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான், பம்ப்போ கீழே கொடுத்த அதே டீசலைக் கொடுக்கிறது. புகை வரத்தான் செய்யும். கியரைக் குறைத்து மிதியைக் குறையுங்கள்.

அப்படியென்றால் பழைய டர்போ ஒன்று வாங்கி மாட்டிவிட்டால்?

வீட்டில் செய்கிற வேலை இல்லை அது. டர்போவுக்கு ஆயில் லைன் வேண்டும், திரும்புகிற லைன் வேண்டும், டர்போ வைத்தே வருகிற இன்ஜின்களில் பிஸ்டனும் ரேடியேட்டரும் அந்தச் சூட்டுக்கென்றே செய்தவை. அதோடு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் மாட்டுவீர்கள். புகைச் சோதனையும் உண்டு. பிஎஸ்4 புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹெச்எஸ்யூ (புகையின் அடர்த்தியை அளக்கிற அலகு) எல்லை.

கூரை வரை குழாய் ஏற்றிவிட்டால் வெள்ளத்தில் ஓட்டலாமா?

ஒரு இணைப்பில் தண்ணீர் கசிந்தாலும் போச்சு. 17-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில், இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சுகிற இடம் ஒரு சிலிண்டருக்கு 46 மில்லி, பாதி டீ கிளாஸ்கூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை செல்ஃப் அடிக்காதீர்கள். நாசில்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது.

ஆயில் பாத்தில் எண்ணெய் கொஞ்சம் அதிகமாக ஊற்றினால் தூசி நன்றாகப் பிடிக்குமே?

கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். அதிகமானால் இன்ஜின் அந்த எண்ணெயை இழுத்து எரிக்க ஆரம்பிக்கும், நிறுத்தினாலும் நிற்காது, ஏனென்றால் அது ஓடுவது பம்ப் டீசலில் இல்லை. அப்படி ஆனால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்து கிளட்சை விடுங்கள். இல்லையென்றால் இன்டேக் வாயை ஒரு கெட்டியான பலகையால் மூடுங்கள். கையையோ துணியையோ வைக்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும்.